ஊனி நிக்கிற கால்

இல்ல மாமி, எனக்கில்ல. என் கால் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. இது அப்பாவுக்கு. இடது கால். கடையில இடதா வலதான்னு கேட்டேன், அந்த ஆளு என்னைய மேலயும் கீழயும் பாக்கான். அரே பேட்டி, மகளே, மெழுகுக் கால்ல என்ன லெஃப்ட் ரைட்டு, மாதாவுக்குத் தெரியும், எடுத்துட்டுப் போங்கான். எனக்கு மனசு கேக்கல. கூடையக் கெளறி கட்டைவிரல் எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்து எடுத்தேன். இந்தா பாருங்க, இது சுத்தமான இடது. ஆனா அச்சுல ஊத்தினவன் குதிகால் நரம்பையே விட்டுட்டான், பின்னால மொழுக்குன்னு கெடக்கு.

நீங்க போன்ல தமிழ் பேசுனீங்களா, அதான் திரும்பிச் சிரிச்சேன். மாஹிம் சர்ச் லைன்ல கொங்கணி, மராத்தி, ஹிந்தி எல்லாம் கேக்கும், தமிழ் கேட்டா மட்டும் காது தானா அந்தப் பக்கம் போயிருது. மாமின்னு கூப்பிடலாம்ல? நெத்தியில விபூதி, கையில மெழுகு வீடு. செம்பூரா? அப்பம் பில்டிங் ரீடெவலப்மென்ட்டாத்தான் இருக்கும். ஆமா, மெழுகு வீடு வாங்குதவங்க முக்காவாசி அந்தக் கேஸுதான். பில்டர் இன்னும் இடிக்கலையா? ஐயோ, இடிச்சுப் போட்டுட்டு நிப்பாட்டிட்டானா. அதுக்கு இடிக்காமலே இருந்திருக்கலாம். இல்ல இல்ல, நடக்கும் மாமி, கவலப்படாதீங்க. இங்க வந்து கேட்டா நடக்குங்காங்க. நாங்க தாராவி. நடந்தே வந்துட்டேன்.

ஒண்ணு சொல்லட்டுமா, தப்பா நெனைக்காதீங்க. வந்ததுல இருந்து வலது கால்லயே ஊனி நிக்கீங்க. இடது முட்டி வலிக்கும்ல? மாடிப்படி எறங்கும்போது ஜாஸ்தியா இருக்கும். ஜோசியம் எல்லாம் ஒண்ணுமில்ல, நிக்கதப் பாத்தாத் தெரியும். முட்டிய பின்னால தள்ளி அப்படிப் பூட்டி வைக்காதீங்க. லேசா, லேசா மடக்கினாப்ல. ஆங், அதான். வெயிட்ட மாத்தி மாத்திப் போடுங்க. புதன்கிழமை லைன் இப்படித்தான் நிக்கும், அக்டோபர் வெயில் வேற. இந்தாங்க, தண்ணி குடிங்க. நான் வாய் வச்சுக் குடிக்கல.

பி.டி. டீச்சருக்குப் படிக்கேனா? இல்ல மாமி. எல்லாரும் அதான் கேக்காங்க. எங்க வரிசை வீட்டுச் சாலியில, ரோசம்மா மக மாலிஷ், அதான் எண்ணெய் தேச்சு அமுக்கி விடுதது, படிக்கான்னுதான் பேச்சு. அம்மா மாதுங்காவுல சமையல் பண்ணுத வீட்டுல, அதுக்கு என்னத்துக்கு யுனிவர்சிட்டின்னு கேட்டாங்களாம். படிப்புப் பேரு ஸ்போர்ட்ஸ் இஞ்சுரி பிரிவென்ஷன் அண்ட் ரிஹாப். மத்லப், அதாவது, ஆடுதவங்களுக்கு அடிபடாம பாத்துக்கிடணும், அடிபட்டா திரும்ப ஆட வைக்கணும். ரெண்டும் சேத்து ஒரு டிகிரி. கடைசி வருஷம். டாக்டர் தச்சு வீட்டுக்கு அனுப்பிருவாரு. அதுக்கு அப்புறம் ஒரு ஆளு கூடவே இருந்து, இன்னைக்கு இவ்வளவு மடக்கு, நாளைக்கு இவ்வளவு நீட்டு, இப்பம் நட, இப்பம் ஓடுன்னு கூட்டிட்டுப் போகணும்ல, அந்த ஆளு நான்தான். பேரு ஜோஸ்பின்.

புடிக்குமான்னா... நல்லா வரும். புடிக்குமான்னு யோசிச்சதில்ல. எங்க சுலைகா மேடம் இருக்காங்க, ட்ரெய்னிங் எல்லாம் அவங்கதான். மொத வகுப்புலயே சொன்னாங்க, வலிக்குதான்னு மட்டும் கேக்காதீங்க, பத்துக்கு எவ்வளவு வலிக்குதுன்னு கேளுங்கன்னு. கபடி ஆடுத புள்ளைங்க எட்டும்பாங்க, ஆடணும்னு ஆசை இருந்துச்சுன்னா ரெண்டும்பாங்க. ஒரு நா எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் கேட்டுப் பழகுனோம். என் முறை வந்துச்சு. எங்க அமுக்கினாலும் சைபர்ன்னேன். மேடம் சிரிச்சுக்கிட்டே, நீ எல்லாம் நல்ல பேஷன்ட் இல்லன்னுட்டாங்க. பொய் சொல்லல மாமி. மரத்த கால கிள்ளினா வேற யாரையோ கிள்ளுத மாதிரி இருக்கும் பாருங்க, எனக்கு ரொம்ப நாளா அப்படித்தான். பாஸானாலும் அப்படித்தான், ஃபெயிலானாலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அப்பாவா? கபடி ஞானசேகரன்னு தாராவியில யாருகிட்ட வேணாலும் கேட்டுப் பாருங்க. இப்பம் தோல் கம்பெனியில சூப்பர்வைசர், ஆனா யாரும் அதச் சொல்ல மாட்டாங்க. ரெய்டு போனாவன்னா எதிர்க் கோட்டுல நிக்கவங்க ஒரு அடி பின்னால போயிருவாங்க. அவங்க ஸ்பெஷல் பேக் கிக்கு. பாடிக்கிட்டே போயி, சரி, இவரு திரும்பிட்டாருன்னு பின்னால ஒருத்தன் புடிக்க வருவான் பாருங்க, திரும்பிக்கூடப் பாக்காம நெஞ்சுக்கு ஒரு உதை. விரல் பட்டாலே பாயிண்ட்டுதான் மாமி. ஆனா அப்பா உதைப்பாவ. ஆளு ரெண்டு சுத்து உருளும். சனம் எந்திரிச்சு நின்னு விசில் அடிக்கும். சின்னப் புள்ளையில அவங்க தோள்ல உக்காந்து கப் வாங்கப் போயிருக்கேன். மாலையெல்லாம் எனக்குத்தான் போடுவாங்க.

உதைக்கிறது வலது கால். ஆனா வலது கால் எந்திரிக்கணும்னா இடது கால் ஊனி நிக்கணும்ல. எல்லாரும் உதைச்ச காலத்தான் பாப்பாங்க. பலம் பூரா நிக்கிற கால்லதான் இருக்கு. படிக்க வந்த பெறவுதான் எனக்கே தெரிஞ்சுது.

போன ஜனவரியில வெட்டரன்ஸ் மேட்ச். வயசானவங்க டீமு, சும்மா ஜாலிக்கு. வார்ம்-அப் பண்ணுங்கப்பான்னேன். எனக்கே பாடம் எடுக்கியாட்டின்னுட்டு எறங்கிட்டாவ. ரெண்டாவது ரெய்டுல கிளம்புனாவ பாருங்க, டப்புன்னு ஒரு சத்தம். பட்டாசு வெடிச்சுட்டுன்னு நெனைச்சேன். அப்பா அப்படியே நின்னு திரும்பி, பின்னால ஜஹாங்கீர்னு எங்க டீம்ல ஒரு ஆளு, கோட்டுக்கு வெளிய தண்ணி பாட்டில வச்சுக்கிட்டு நிக்கான், அவன் கன்னத்துல ஓங்கி ஒண்ணு வச்சாவ. ஏம்ல உதைச்சன்னு கேக்காவ. அவன் பாவம், பக்கத்துலயே வரல. பாட்டில் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்.

எங்க புஸ்தகத்துல மொத வரியே அதான் மாமி. குதிகால் நரம்பு அறுந்தா, பின்னால இருந்து யாரோ உதைச்ச மாதிரி இருக்கும். பேஷன்ட் திரும்பிப் பாப்பாரு, யாரும் இருக்க மாட்டாங்க. சிரிக்கீங்க பாத்தீங்களா, நானும் வகுப்புல சிரிச்சேன். ஜஹாங்கீர்கிட்ட அப்பா இன்னும் சாரி சொல்லல. அவனும் எதிர்பாக்கல.

அங்கனயே குப்புறப் படுக்க வச்சு கெண்டைக்கால அமுக்கிப் பாத்தேன். நல்ல கால்னா அமுக்குனதும் பாதம் அசையும். வலது அசைஞ்சுது. இடது அப்படியே கெடந்துச்சு. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இசக்கிப்பாண்டி மாமா, அப்பாவோட பழைய டீம்காரவங்க, எண்ணெய் போட்டு இழுத்து விட்டா நாளைக்கே நடக்கலாம்னு ஆளக் கூட்டிட்டு வந்துட்டாங்க. நான் காலக் கட்டிப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். யாரும் தொடக்கூடாதுன்னு கத்துனேன். நானா கத்துனேன்னு எனக்கே தெரியல. அன்னைக்கு மட்டும் இழுத்து விட்டிருந்தா கதையே வேற.

ஆப்பரேஷன் ஆச்சு. தச்சு விட்டாங்க. அதுக்கு அப்புறம் என் கைதான். முழங்கால் வரைக்கும் ஒரு பூட்டு மாதிரி பெரிய பூட்ஸு, குதிகாலுக்கு அடியில ஆப்பு ஆப்பா வச்சிருக்கும். குதிகால் மேல, விரல் கீழ, அப்படித்தான் இருக்கணும். கொஞ்சம் கொஞ்சமா ஒவ்வொரு ஆப்பா எடுக்கணும். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு மாமி. மொத மாசங்கள்ல பாதத்த மேல பாத்து வளைக்கவே கூடாது. ஆசையில, இல்ல அவசரத்துல, யாராச்சும் புடிச்சுத் தள்ளிட்டாங்கன்னா நரம்பு நீளமா ஆறிரும். பாத்தா ஒண்ணும் தெரியாது. வலிக்காது. நடக்கலாம், மாடி ஏறலாம், லோக்கல் ட்ரெய்ன் புடிக்கலாம். ஆனா நீளமா ஆறுன நரம்புல இழுவை இருக்காது, தொளதொளன்னு தொங்குன லாஸ்டிக் மாதிரி. ஒத்தக் கால்ல எம்பி நிக்க வராது. அது போனா போனதுதான், அப்புறம் எந்த எக்சர்சைஸ் போட்டும் திரும்ப வராது.

ஆமா, தெனமும் நான்தான். காலையில காலேஜுக்குப் போறதுக்கு முந்தி ஒரு தடவ, வந்த பெறவு ஒரு தடவ. அப்பா கால மடியில வச்சுக்கிட்டு, இவ்வளவுதான் மேல, இதுக்கு மேல போகக் கூடாதுன்னு கட்டைவிரல வச்சு அளந்து அளந்து. சுலைகா மேடம் வீட்டுக்கே வந்து பாத்தாங்க. எங்க மாடி ரூமுக்கு ஏணி ஏறி வந்து, மூச்சு வாங்க, கால அமுக்கிப் பாத்துட்டு, எங்க கிளினிக்ல ஃபீஸ் வாங்கிப் பண்ணுதவங்ககூட இப்படி ஆற வச்சதில்லன்னாங்க. தழும்பு கூட நூல் மாதிரிதான் இருக்கு.

அப்பாவா, நான் சொன்னா கேப்பாவ. அதான் அதிசயம். வாழ்க்கையில யாரு சொல்லியும் கேக்காத மனுஷன். டாக்டரம்மா வந்தாச்சான்னுவாவ. எந்திரிக்காதீங்கன்னா எந்திரிக்க மாட்டாவ. எங்களுது ஒத்த ரூம்தான், மேல பரண் மாதிரி ஒரு மாளா. கட்டில் ஒண்ணு, அதுல அப்பா. அன்னைக்கெல்லாம் வீடு நல்லா இருந்துச்சு மாமி. உண்மையிலயே நல்லா இருந்துச்சு. அம்மா பாட்டு பாடிக்கிட்டே வெங்காயம் உரிப்பா. அம்மாவுக்குப் பாட்டு வரும்னு எனக்குத் தெரியவே தெரியாது. சர்ச் பாட்டுத்தான், ஆனா சத்தமா. ரூமுக்கு நடுவுல நடப்பா. எங்க படிப்புல நடையப் பாக்குததுதான் மெயினு, யாரப் பாத்தாலும் நடையத்தான் பாப்பேன். அம்மா எப்பமும் செவத்தோரமா தோளத் தேச்சுக்கிட்டே போவா, குறுக்க வர மாட்டா. அந்த மாசங்கள்ல கட்டிலுக்கு முன்னால கூடி நேரா போனா, வந்தா. கை ரெண்டும் வீசி.

வகுப்புல இந்தக் கேஸத்தான் பிரசன்ட் பண்ணேன். பேரு சொல்லக் கூடாது, நாப்பத்தொம்பது வயசு ஆம்பளை, கபடி பிளேயர். மொதல்ல பேஷன்டோட கோல் என்னன்னு அவங்க வாயாலயே கேக்கணும். சிலபேரு பேரப்புள்ளையத் தூக்கணும்பாங்க, சிலபேரு தாதர் பிரிட்ஜ் ஏறணும்பாங்க. அப்பாகிட்ட கேட்டேன். பழைய மாதிரி உதைக்கணும்டி, அத மட்டும் திருப்பிக் குடுன்னாவ. அதத்தான் சொன்னேன். எல்லாரும் கை தட்டுனாங்க. நல்ல கோல், கிளியர் கோல்னாங்க மேடம். டிபார்ட்மென்ட்லயே அந்தப் பிரசன்டேஷனுக்குத்தான் டாப் மார்க்.

இப்பமா? இப்பம் நல்லா நடக்காவ. பூட்ஸு, கம்பு எல்லாம் போயாச்சு. கம்பெனிக்குப் போறாவ. ரெண்டு காலயும் சேத்து எம்புனா எம்ப வருது. வர்ற ஞாயித்துக்கிழமைதான் ஒத்தக் கால் டெஸ்ட். இடது கால்ல மட்டும் நின்னு, குதிகாலத் தூக்கி, விரல்ல நிக்கணும். நின்னுட்டாவன்னா, சரிப்பா, ஆட்டத்துக்குத் தயார் பண்ணலாம்னு நான் சொல்லணும். ஜனவரியில திரும்ப வெட்டரன்ஸ் மேட்ச் வருது. நிப்பாவ மாமி. எனக்குத் தெரியும். தெனமும் தொட்டுப் பாக்கேன்ல, கெண்டைக்கால் கல்லு மாதிரி ஏறிட்டு. இந்த ஞாயிறு இல்லன்னா அடுத்த ஞாயிறு.

அம்மாதான் சொல்லி விட்டா. மெழுகுக் கால் ஒண்ணு வாங்கி சகாய மாதாவுக்கு வச்சுட்டு வா, அப்பாவுக்கு நல்லபடியா காலு வரணும்னு வேண்டிட்டு வான்னு. பொய்க்கு இல்ல, நெசமாத்தான் கேக்கா. ஒம்பது புதன் நேர்ச்சை வச்சிருக்கா. முந்தி அவளேதான் வந்துட்டிருந்தா, இந்த வாரம் லைன்ல நிக்க முடியலன்னுட்டா. விலாவுல புடிச்சிருக்காம். கேஸ் டிரபிளாம். ஓமத்தண்ணி குடிச்சுட்டுப் படுத்திருக்கா.

பாத்து, முன்னால நகருங்க. அந்தக் குடையக் கொஞ்சம் இந்தப் பக்கம் புடிச்சுக்கிடுங்க, மெழுகு வீடு வளையுது. ஓட்டு மேல விரல் வைக்காதீங்க, அச்சு விழுது பாருங்க.

என்னது? அப்பாவுக்கா?

இல்ல மாமி. நல்ல மனசு உங்களுக்கு. ஆனா நீங்க வேண்டிக்கிட வேண்டாம். உங்க வீட்டுக்கு மட்டும் கேளுங்க. கோச்சுக்கிடாதீங்க. அம்மா ஒருத்தி கேக்காள்ல, அதுவே எனக்கு எதிராத்தான் நிக்கு. நீங்களும் சேந்துட்டீங்கன்னா நான் ஒத்த ஆளு.

சொல்லுதேன். உங்களத் திரும்பப் பாக்கப் போறதில்லல்ல, சொன்னா என்ன.

ரெண்டாவது வருஷம், எலும்பத் தொட்டுப் பாத்துக் கண்டுபுடிக்கப் பழகணும். கண்ண மூடிக்கிட்டு, விலாவ மேல இருந்து ஒண்ணொண்ணா விரல்ல எண்ணிட்டு வரணும். ஆளு வேணும்ல, அம்மாவப் படுக்கப் போட்டுப் பழகுவேன். கூச்சத்துல சிரிப்பா. இடது பக்கம் எண்ணிட்டே வாரேன், ஒரு எடத்துல தடிப்பா இருக்கு. அதுக்குக் கீழ இன்னொண்ணு. முதுகுப் பக்கம் போனா அங்கயும். ஒடைஞ்சு தானா ஆறுன எலும்பு அப்படித்தான் இருக்கும், முண்டு முண்டா, முடிச்சு விழுந்த கயிறு மாதிரி. என்னம்மா இதுன்னேன். பொறந்ததுல இருந்தே இருக்குட்டின்னா. அன்னைக்கு அழுவேன்னு நெனைச்சேன். அழ வரல. எண்ணி முடிச்சேன். மறுநா பரீட்சையில ஒரு எலும்பு தப்பாம சொன்னேன்.

தெரியாதுன்னு இல்ல. ஒத்த ரூம்ல என்னத்த மறைக்கது. சின்னதுல இருந்தே, தட்டு விழுத சத்தம் கேட்டா புஸ்தகத்தத் தூக்கிட்டு மாளாவுல ஏறிருவேன். அப்படித்தான் எனக்குப் படிப்பு வந்துச்சு. சத்தம் தெரியும். எலும்பு வரைக்கும் போயிருக்குன்னு தெரியாது, அவ்வளவுதான்.

எங்க அப்பா பொம்பளைய கை நீட்டி அடிக்க மாட்டாவ மாமி. அதுல ஒரு பெருமை அவியளுக்கு. கல்யாணமாகி இன்னைக்கு வரைக்கும் ரோசம்மா மேல என் கை பட்டதில்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவாவ. நெசந்தான். கை பட்டதில்ல. கால்தான்.

போன வாரம் மீன் கொழம்புல புளி தூக்கலாப் போச்சு. தட்டு பறந்துச்சு. அம்மா செவத்தோரமா ஒதுங்குதா, அப்பா எந்திரிச்சு வலது காலத் தூக்குனாவ. இடது கால் நிக்கல. லேசா பட்டுச்சு, விலாவுலதான், பழைய மாதிரி இல்ல. அப்பா தடுமாறிக் கட்டில்ல உக்காந்துட்டாவ. உக்காந்துக்கிட்டு கெண்டைக்காலத் தடவிட்டு என்னையப் பாக்காவ. பாத்தியாடி, இன்னும் பலம் வரலன்னாவ. நான் என்ன சொன்னேன் தெரியுமா? நாளைக்கு இன்னும் ஒரு செட்டு கூட்டிக்கிடலாம்பான்னேன். வாய் தானா சொல்லிருச்சு மாமி. யோசிக்கவே இல்ல. மறுநா காலையில கூட்டியும் விட்டேன்.

போலீஸா. அம்மா போக மாட்டா. மூணு தடவ சொல்லியாச்சு. சீத்தா கேம்ப்ல அவ தங்கச்சி இருக்கா, அங்க போவோம் வான்னு பையெல்லாம் கட்டுனேன், பைய அவளே பிரிச்சு அடுக்குதா. உங்க அப்பாவுக்குக் கால் முடியலட்டி, இப்பம் விட்டுட்டுப் போனா ஊரு என்ன சொல்லும்ங்கா. கால் சரியான பெறவு போவோம்ங்கா. சொல்லிட்டு மாதாவுக்கு மெழுகுக் கால் வாங்கி விடுதா. அவளுக்கு நான் என்னத்தச் சொல்ல.

இல்ல, அப்பா நல்லா இருக்கட்டும். சாகணும்னு எல்லாம் கேக்க மாட்டேன். எனக்கு அவங்க மேல கோவமே வர மாட்டேங்குது, அதான் பயமா இருக்கு. நடக்கட்டும், கம்பெனிக்குப் போகட்டும், படி ஏறட்டும், பூசைக்கு வந்து முட்டி போடட்டும். வலி கூட வேண்டாம், சைபரா இருக்கட்டும். இடது கால்ல ஒத்தையா ஊனி நிக்க மட்டும் வரக் கூடாது. அவ்வளவுதான் கேக்கப் போறேன். இப்படி அளந்து கேட்டா மாதாவுக்குப் புரியுமோ என்னமோ.

சும்மா விட்டிருக்கலாமேன்னு கேக்கீங்க. அந்தப் பூட்ஸு போட்டிருந்த மாசத்துல, அவங்க தூங்கும்போது கால் என் மடியிலதான் கெடக்கும். பாதத்த மேல பாத்து ஒரு தள்ளு தள்ளியிருந்தாப் போதும். தெனம் கொஞ்சம். ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது, சுலைகா மேடத்துக்கே தெரிஞ்சிருக்காது. ஒரு நாள் உள்ளங்கைய வச்சேன். வச்சேனா, கட்டைவிரல் தானா போயி, இவ்வளவுதான், இதுக்கு மேல கூடாதுன்னு அளந்து நிக்கு. இப்பம்கூட ஒண்ணும் கெட்டுப் போகல. ஞாயித்துக்கிழமை வரைக்கும் எதுக்கு, இன்னைக்கே ஓடுங்கப்பா, குதிங்கப்பான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், திரும்ப அந்துரும். அப்பாவுக்கும் அதான் ஆசை. நான் இருங்கப்பா, இருங்கப்பான்னு புடிச்சு வச்சிருக்கேன்.

போங்க மாமி, கேட்டத் தொறந்துட்டாங்க, உங்க முறைதான். அதப் பண்ண எனக்குத் தெரியும். கை வர மாட்டேங்குது. அதான் லைன்ல நிக்கேன்.